காசித்தும்பையின் சொந்தக்காரர்கள்

மலைச்செடி பத்தி ஒரு பதிவு போடப் போறேன்னு சொன்னதும் நண்பன் கேட்ட முதல் கேள்வி, "குறிஞ்சியா?". இல்லைங்க. குறிஞ்சிக்கு ஏற்கெனவே பெரிய ரசிகர் மன்றம் இருக்கு. 2006-ல பூத்தப்பவும் 2018-ல பூத்தப்பவும் கேமராவும் கையுமா ஊரே மலை ஏறுச்சு. 2030-லயும் ஏறும். நான் சொல்ல வந்தது அதைவிட ரொம்ப சாதாரணமான ஒரு ஆளைப் பத்தி. காசித்தும்பை.

"அது மலைச்செடியா? எங்க வீட்டு வாசல்லயே இருக்கே!"ன்னு நீங்க கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். திருநின்றவூர்ல எங்க வீட்டுக் கிணத்தடியில அது வருஷா வருஷம் தானா முளைக்கும். யாரும் விதை போட்டதா ஞாபகம் இல்லை. ஐப்பசி மழை முடியும்போது ரோஸ், வெள்ளை, ஊதான்னு பூத்து நிக்கும். பூவைவிட எங்களுக்கு முக்கியம் காய்தான். முத்தின காயை லேசா அமுக்கினா 'பட்'டுனு வெடிச்சு, தோல் புழு மாதிரி சுருண்டுக்கும், விதை நாலாபக்கமும் தெறிக்கும். நானும் தம்பியும் போட்டி போட்டுக்கிட்டு வெடிப்போம். ஆயா கத்தும்: "டேய், பிஞ்சைத் தொடாதீங்கடா, வெதை வீணாப் போவுது!"

அந்த 'பட்'தான் இந்தப் பதிவோட கதாநாயகன். ஆயிரம் செடியினங்கள் உருவானதுல அதுக்கு ஒரு பெரிய பங்கு இருக்குன்னு சின்ன வயசுல யாராவது சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் மரியாதையா வெடிச்சிருப்பேன் :-)

முதல்ல பேர் விவகாரத்தை முடிச்சிடுவோம். காசித்தும்பைக்கும் காசிக்கும் என்ன உறவோ, ஆனா தும்பைக்கும் அதுக்கும் ஒரு உறவும் இல்லை. தும்பை துளசிக் குடும்பம். இது பால்சமினேசி குடும்பம், இம்பேஷன்ஸ் பேரினம். இம்பேஷன்ஸ்னா லத்தீன்ல பொறுமை இல்லாததுன்னு அர்த்தம். தொட்டவுடனே வெடிக்கிற காயைப் பார்த்து வெச்ச பேர். ஆங்கிலத்துல இதையும் டச்-மீ-நாட்னு சொல்லுவாங்க. அதைப் படிச்சிட்டு நம்ம ஆட்கள் பலபேர் தொட்டாச்சிணுங்கியோட போட்டுக் குழப்பிக்கிறாங்க. தொட்டாச்சிணுங்கி புளிய மரத்துக்கு சொந்தம். ரெண்டுக்கும் நடுவுல ஏகப்பட்ட தூரம்.

இந்தப் பால்சமினேசி குடும்பத்தோட அமைப்பே வினோதமானது. மொத்தம் ரெண்டே பேரினம்தான். ஒண்ணு இம்பேஷன்ஸ், அதுல ஆயிரத்துக்கும் மேல இனங்கள். இன்னொண்ணு ஹைட்ரோசெரா, அதுல இருக்கறது ஒரே ஒரு இனம். ஒரு வீட்டுல ரெண்டு பிள்ளை, ஒருத்தருக்கு ஆயிரம் வாரிசு, இன்னொருத்தர் ஒத்தையா நிக்கிறார். அந்த ஒத்தை ஆள்கிட்ட கடைசியில வர்றேன். அவரைத் தேடித்தான் நான் எங்க ஊர் ஏரிக்கரையில ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அலைஞ்சேன்.

ஆயிரத்துல பெரும்பாலானது மலையில வாழ்றது. தெற்கு சீனா, இமயமலை, தென்கிழக்கு ஆசியா, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும், ஆப்பிரிக்க மலைகள், மடகாஸ்கர்... இதுதான் இவங்க சாம்ராஜ்யம். மடகாஸ்கர்ல மட்டும் இருநூறுக்கும் மேல. ஆப்பிரிக்கா கண்டத்துல நூறுக்கும் மேல. மேற்குத் தொடர்ச்சி மலையில சுமார் நூறு. அந்த நூறுல தொண்ணூறுக்கும் மேல உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. இமயமலையில இருக்கற இனங்களுக்கும் நம்ம மலை இனங்களுக்கும் பொதுவா இருக்கறதை விரல் விட்டு எண்ணிடலாம். தென் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இவங்க இயற்கையா போய்ச் சேரவே இல்லை. ஐரோப்பாவுக்கு சொந்தமா ஒண்ணே ஒண்ணுதான். நம்ம கிணத்தடி காசித்தும்பை இந்தக் கூட்டத்துல ஒரு விதிவிலக்கு. மலையை விட்டு இறங்கி மனுஷன் வீட்டு வாசல்ல செட்டில் ஆன ஆள்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடிச்சது வால்பாறை போனப்போ. செப்டம்பர் மாசம், விடாத சாரல். ஆபீஸ் பசங்க எல்லாம் டீக்கடையில ஒதுங்க, நான் சும்மா சோலை ஓரமா நடந்தேன். பாசி படிஞ்ச ஒரு மரத்துல, ஆள் உயரத்துக்கு மேல, கிளை பிரியற இடத்துல ஒரு செடி உட்கார்ந்திருந்தது. பூ சின்னப் பை மாதிரி வீங்கி செக்கச்செவேல்னு. முனையில கொக்கி மாதிரி வால். எங்கேயோ பார்த்த சாயல். காயைப் பார்த்ததும் புரிஞ்சு போச்சு. அட, நம்ம கிணத்தடி ஆளு! மரத்து மேல என்னடா பண்றே நீ?

ஊருக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதைதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையில இவங்க எடுத்திருக்கற வேஷங்கள் கொஞ்ச நஞ்சமில்லை. புல்வெளியில முழங்கால் உயரத்துக்கு நிக்கிறவங்க இருக்காங்க. ஓடைக்கரையில புதர் மாதிரி வளர்றவங்க இருக்காங்க. தண்டே இல்லாம, தரைக்குள்ள ஒரு சின்னக் கிழங்கை மட்டும் வெச்சுக்கிட்டு, மழை வந்தா ரெண்டு இலையும் ஒரு பூக்காம்பும் விட்டுட்டு, மழை போனா மறுபடி தரைக்குள்ள தூங்கப் போற கோஷ்டி ஒண்ணு இருக்கு. ஈரப் பாறைகள்ல நீங்க பார்க்கறது பெரும்பாலும் அவங்களைத்தான். அப்புறம் நான் பார்த்த மாதிரி மரமேறிகள். அதுல ஒண்ணுக்கு பெட்டோம்னு ஒரு வன அதிகாரி பாராசிட்டிகான்னு பேர் வெச்சிட்டார். பாவம், அது ஒட்டுண்ணியே இல்லை. மரத்துல இடம் மட்டும்தான் கேட்குது, சாப்பாடு கேட்கலை. வாடகைக்கு இருக்கறவனைத் திருடன்னு ரேஷன் கார்டுல எழுதின மாதிரி. இன்னொரு மரமேறி ஜெர்டோனியே. பறவையியல் ஆளு ஜெர்டான் தெரியுமில்லையா, அவர் மனைவி பேரால ராபர்ட் வைட் வெச்சது.

ராபர்ட் வைட்டைப் பத்தி தனியா ஒரு பதிவே போடலாம். ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர். 1819-ல மெட்ராஸ் வந்து 1853 வரைக்கும் தென்னிந்தியச் செடிகளோடவே வாழ்ந்தவர். அவர் புத்தகங்கள்ல இருக்கற படங்களைப் பெரும்பாலும் வரைஞ்சது ரங்கையா, கோவிந்துன்னு ரெண்டு ஓவியர்கள். ஒரு பூவைப் பிரிச்சு இதழ் இதழா வரைஞ்சிருப்பாங்க பாருங்க, நம்ம எஞ்சினியரிங் டிராயிங் வாத்தியார் பார்த்தா கண்ணீர் விடுவார். அவங்க வாழ்க்கையைப் பத்தி ஒரு முழுப் பக்கம் எழுதக்கூட யாருக்கும் அன்னைக்குத் தோணலைங்கறதுதான் எனக்கு வருத்தம். ஜெர்டான் அம்மா பேர் செடியில ஒட்டிக்கிச்சு. கோவிந்து பேர்ல வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்தை உருவாக்கினார், ஆனா அந்தப் பேர் இப்போ புழக்கத்துல இல்லை.

படம் ஏன் இவ்வளவு முக்கியம்னா, இந்தப் பூவைக் காய வெச்சு பாதுகாக்கறது மகா கொடுமை. செம்பருத்தியை நோட்டுக்குள்ள வெச்சா ஓரளவு உருவம் நிக்கும். காசித்தும்பைப் பூவை வெச்சுப் பாருங்க, நனைஞ்ச டிஷ்யூ பேப்பர் மாதிரி ஒட்டிக்கிட்டு ஒரு கறைதான் மிஞ்சும். இனத்தைக் கண்டுபிடிக்கத் தேவையான அத்தனை விஷயமும் அந்தப் பூவுலதான் இருக்கு. இதுல மாட்டிக்கிட்டு முழிச்சவர்ல பெரிய தலை யார்னா ஜோசப் டால்டன் ஹூக்கர். டார்வினோட நெருங்கின நண்பர், லண்டன் க்யூ தாவரவியல் பூங்காவுக்கு 20 வருஷம் டைரக்டர். 1885-ல ஓய்வு பெற்றார். சும்மா இருந்தாரா? இல்லை. வாழ்க்கையோட கடைசிக் காலத்தை இந்த பால்சங்களுக்கே எழுதி வெச்சார். இந்திய இனங்களைப் பத்தின அவரோட தொகுப்பு 1904-லேர்ந்து 1906 வரைக்கும் வந்தது, அப்போ அவருக்கு வயசு 87-க்கு மேல. காய்ஞ்ச கறைகளைத் தண்ணியில ஊற வெச்சு, ஊசியால பிரிச்சு, லென்ஸ்ல பார்த்து வரைஞ்சிருக்கார். 1911 டிசம்பர்ல 94 வயசுல சாகற வரைக்கும் இதே வேலை. நானெல்லாம் 28 வயசுலயே லெகசி கோடைப் பார்த்தா ராஜினாமா கடிதம் எழுதலாமான்னு யோசிக்கிற ஜாதி.

ஹூக்கர் இவங்களை ஜெரேனியம் குடும்பத்தோடதான் சேர்த்து வெச்சிருந்தார். ரொம்ப நாளைக்கு அப்படித்தான் இருந்தது. டி.என்.ஏ வந்த பிறகுதான் ஜாதகம் மாறிச்சு. இவங்களோட உண்மையான பங்காளிகள் யார்னா... தேயிலை, சப்போட்டா, ரோடோடெண்ட்ரான் எல்லாம் இருக்கற எரிக்கேல்ஸ் வரிசை. தேயிலை! நீலகிரியிலயும் வால்பாறையிலயும் சோலையை வெட்டிட்டு எதை நட்டாங்களோ, அதே தேயிலை. பங்காளிச் சண்டைன்னா இதுதான்.

இன்னொருத்தரைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. எட்வர்ட் பார்ன்ஸ். மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல வேதியியல் பேராசிரியர். தாவரவியல் இல்லை, கவனிக்க, வேதியியல். லீவு கிடைச்சா மலைக்குப் போயிடுவார். 1930-கள்ல மூணாறு, நீலகிரி பக்கம் சுத்தி புது பால்சம் இனங்களை எழுதியிருக்கார். முன்னாரென்சிஸ்ங்கற இனம் அவர் பேர் வெச்சது. இன்னொண்ணுக்கு அவர் பேரையே நியோ-பார்னெசீன்னு ஃபிஷர் வெச்சிருக்கார். காலேஜ் 1937-ல தாம்பரத்துக்கு மாறினப்போ, அந்த வளாகத்துல இன்னைக்கு நிக்கிற காட்டை உருவாக்கினதுல அவருக்கும் அவர் மனைவி ஆலிஸுக்கும் பெரிய பங்கு உண்டு. எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தாம்பரம் தாண்டும்போது அந்தப் பச்சையைப் பார்த்திருப்பீங்க. பகல் வேலை ஒண்ணு, மனசு வேற ஒண்ணுன்னு வாழற நம்ம வலைப்பதிவர் கூட்டத்துக்கு அவர்தான் குலதெய்வம்னு நான் சொல்லுவேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த ஆயிரம் எங்கேர்ந்து வந்தது?

நான் முதல்ல என்ன நினைச்சேன்னா, கோண்டுவானா. மேப்பைப் பாருங்களேன்: ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை. பழைய கோண்டுவானா கண்டம் உடைஞ்சு பிரிஞ்ச துண்டுகள் வரிசையா நிக்குது. செடி ஒண்ணா இருந்தது, நிலம் உடைஞ்சது, ஆளுக்கொரு துண்டுல ஏறிப் போச்சு. எவ்வளவு அழகான கதை! அலுவலக கேண்டீன்ல நாலு பேருக்கு இதைச் சொல்லி விட்டுட்டேன் வேற. அப்புறம் அவங்களைத் தேடிப் போய் "நான் சொன்னது தப்புப்பா"ன்னு சொல்ல வேண்டியதாச்சு.

எப்படித் தப்புன்னா, காலக்கணக்கு. மடகாஸ்கர்லேர்ந்து இந்தியா பிரிஞ்சது சுமார் 8.8 கோடி வருஷத்துக்கு முன்னாடி. இம்பேஷன்ஸ் பேரினம் கிளை விட ஆரம்பிச்சதே சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான். கப்பல் கிளம்பி ஏழு கோடி வருஷம் ஆன பிறகு பொறந்தவன் அந்தக் கப்பல்ல எப்படி டிக்கெட் வாங்கியிருப்பான்?

இந்த வயசை எப்படிக் கணக்கு பண்றாங்கன்னு நம்ம பாஷையில சொல்றேன். ரெண்டு புரோகிராமர் ஒரே கோடை காப்பி பண்ணிட்டுப் போய் தனித்தனியா வேலை பார்க்கறாங்கன்னு வைங்க. பத்து வருஷம் கழிச்சு ரெண்டையும் டிஃப் போட்டா எத்தனை வரி மாறியிருக்கோ, அதை வெச்சு எப்போ பிரிஞ்சாங்கன்னு குத்துமதிப்பா சொல்லலாம் இல்லையா? டி.என்.ஏ-லயும் அதேதான். வேகம் எவ்வளவுன்னு தெரிய ஒரு ஆணி அடிக்கணும், அந்த ஆணி புதைபடிவம். வயசு தெரிஞ்ச புதைபடிவத்தை மரத்துல ஒரு கிளையில பொருத்தி, மத்த கிளைகளைக் கணக்கு போடறது. பிழை இல்லாம இருக்காது. ஆனா 2 கோடிக்கும் 8.8 கோடிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி பிழையில மறையற சமாச்சாரம் இல்லை.

2004-ல சுவிட்சர்லாந்தின் நூஷாடெல்ல இருந்த யுவானும் கூட்டாளிகளும் போட்ட மரமும், 2009-ல பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்து யான்சென்ஸ் குழு போட்ட மரமும் ஒரே திசையைத்தான் காட்டுது: தெற்கு சீனா. அங்கேர்ந்துதான் கிளம்பியிருக்காங்க. இமயமலைக்கு, தென்கிழக்கு ஆசியாவுக்கு, ஆப்பிரிக்காவுக்கு. ஆப்பிரிக்காவுக்கு குறைஞ்சது மூணு தடவை தனித்தனியா போயிருக்காங்க. தென்னிந்தியாவுக்கும் ஒரே ஒரு தடவை இல்லை. அதாவது நம்ம மலை நூறும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க இல்லை. வெவ்வேற காலத்துல வெவ்வேற கோஷ்டி வந்து குடியேறி, அப்புறம் இங்கேயே பெருகினவங்க.

யான்சென்ஸ் குழு சொன்னதுல என்னை நிமிர்ந்து உட்கார வெச்ச விஷயம் வேற. இரண்டு கோடி வருஷக் கதையில பெரும்பாலான கிளைகள் வெடிச்சது கடைசி 50 லட்சம் வருஷத்துலதான். முதல் ஒன்றரைக் கோடி வருஷம் மெதுவா போன வண்டி திடீர்னு டாப் கியர். ஏன்?

இங்கதான் மூணு விஷயம் ஒண்ணா சேருது. முதலாவது நம்ம கதாநாயகன், 'பட்'. காயோட அஞ்சு தோல்பட்டையும் முறுக்கின ஸ்பிரிங் மாதிரி விசையைச் சேர்த்து வெச்சிருக்கும். இணைப்பு விட்டதும் சில மில்லி செகண்டுல சுருண்டு விதையை எறியும். பார்க்க பிரமாதம். ஆனா எவ்வளவு தூரம் எறியும்? பெரும்பாலான இனங்களுக்கு ரெண்டு மூணு மீட்டர். ஆலம்பழத்தைக் குருவி சாப்பிட்டு அடுத்த ஊர்ல போய்ப் போடும், எருக்கம் விதை பஞ்சு கட்டிப் பறக்கும். இது? எங்க வீட்டுக் கிணத்தடியில வெடிச்சா எங்க வீட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி முளைக்கும். அவ்வளவுதான். எப்பவாவது வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போனாலோ, சேத்தோட ஒட்டிக்கிட்டுப் போனாலோதான் தூர தேசப் பயணம்.

ரெண்டாவது, தண்ணி. இவங்க தண்டைக் கிள்ளிப் பாருங்க, முக்கால்வாசி தண்ணிதான். வெயில் ஏறினா மதியமே தலை தொங்கிடும். பெரும்பாலான மலை இனங்களுக்குக் குளிர்ந்த காத்து, நிழல், ஈரம் மூணும் வேணும். அதனால ஒரு மலையிலேர்ந்து அடுத்த மலைக்குப் போகணும்னா நடுவுல இருக்கற சமவெளி இவங்களுக்குப் பாலைவனம். பாலக்காட்டுக் கணவாயை எடுத்துக்கங்க. சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலம், கடல் மட்டத்துக்கு மேல சுமார் 140 மீட்டர். அந்தப் பக்கம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், இந்தப் பக்கம் ஆனைமுடி 2,695 மீட்டர். நமக்கு ஒரு மணி நேர பஸ் பயணம். மூணு மீட்டர் எறியற செடிக்கு அது சமுத்திரம். மலை உச்சி ஒவ்வொண்ணும் ஒரு தீவு.

மூணாவது, பூவோட வால். காசித்தும்பைப் பூ தலைகீழா திரும்பின பூ. காம்பு 180 டிகிரி முறுக்கிக்கிட்டுதான் மலரும். கீழே தெரியற புல்லிதழ் நீண்டு வாலாகும், தேன் அதுக்குள்ளதான். வால் நீளமா மெல்லிசா இருந்தா, நீளக்குழல் வெச்ச பட்டாம்பூச்சிக்குத்தான் எட்டும். பை மாதிரி அகலமா இருந்தா தேனீ உள்ளே புகும். ஆப்பிரிக்காவுல செவசெவன்னு சில இனங்கள் தேன்சிட்டுக்காகவே இருக்கு. வால் நீளம் கொஞ்சம் மாறினா வாடிக்கையாளர் மாறிடுவார். வாடிக்கையாளர் மாறினா மகரந்தம் பழைய கூட்டத்தோட கலக்காது. ஒரே மலையில பக்கத்துப் பக்கத்துல இருந்தாலும் தனித்தனிக் குடும்பமா பிரிஞ்சிட வேண்டியதுதான். இதைத்தான் பாவம் ஹூக்கர் ஊசியால பிரிச்சுக்கிட்டிருந்தார்.

இந்த மூணும் பழைய சரக்கு. இதுக்குத் தீ வெச்சது பருவநிலை. கடைசி 50 லட்சம் வருஷத்துல பூமி குளிர ஆரம்பிச்சு, பின்பாதியில பனியுகங்கள் மாறி மாறி வந்தது. பனியுகம்னா நம்ம ஊர்ல பனி கொட்டுச்சுன்னு அர்த்தமில்லை. பருவமழை குறைஞ்சது, காய்ஞ்சது. இதுக்கு சாட்சி நம்ம நீலகிரியிலயே இருக்கு. 1993-ல நேச்சர் இதழ்ல ராமன் சுகுமாரும் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினாங்க. நீலகிரி சதுப்புகள்ல ஆயிரக்கணக்கான வருஷமா மக்கிச் சேர்ந்த கரிப்படிவைத் தோண்டி, அதுல இருக்கற கார்பன் வகைகளை அளந்தாங்க. மரங்களும் வறட்சியைத் தாங்கற புல் வகைகளும் கார்பனை வேற வேற விதமா எடுத்துக்கும். அதனால மக்கின மண்ணைப் பார்த்தே அங்கே அப்போ என்ன வளர்ந்ததுன்னு சொல்லிடலாம். சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, பனியுகத்தோட உச்சத்துல, அங்கே வறட்சிப் புல்தான் கோலோச்சியிருக்கு. பிறகு மழை திரும்பினப்போ ஈரம் விரும்பற செடிகள் பரவியிருக்கு.

இதை காசித்தும்பைக் கண்ணோட்டத்துல பாருங்க. வறட்சி வரும்போது சோலைகள் சுருங்கி ஒவ்வொரு மடிப்புப் பள்ளத்தாக்குல ஒதுங்கும். பால்சங்களும் கூடவே ஒதுங்கும். ஒரு ஓடைக்கு ஒரு கூட்டம். ஆயிரக்கணக்கான வருஷம் பக்கத்து ஓடைக்காரன் முகத்தையே பார்க்காம வாழும். மழை திரும்பினா காடு விரியும், கூட்டங்கள் மறுபடி சந்திக்கும். சில சமயம் கலந்துடும். சில சமயம் கலக்க முடியாத அளவுக்கு மாறிப் போயிருக்கும். அப்போ ஒண்ணு ரெண்டாச்சு. இதே நாடகம் திரும்பத் திரும்ப நடந்திருக்கு. நம்ம மலை என்னவோ கோடிக்கணக்கான வருஷம் பழசு, ஆனா அதுமேல இருக்கற பால்சங்கள்ல பெரும்பாலானது அதோட ஒப்பிட்டா நேத்துப் பொறந்த குழந்தை.

இலங்கைக் கதையும் இதேதான். பனியுகத்துல கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கினப்போ ராமேஸ்வரத்துலேர்ந்து நடந்தே போயிருக்கலாம். யானை போயிருக்கும். ஆனா நடுவுல இருந்தது காய்ஞ்ச சமவெளி. அதனால இலங்கை மலையில இருக்கற இருபது சொச்சம் இனங்கள்ல பெரும்பாலானது அங்கே மட்டும்தான். பாலம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இனி அந்த ஒத்தை ஆள். ஹைட்ரோசெரா ட்ரைஃப்ளோரா. கேரளா, இலங்கையிலேர்ந்து தென்கிழக்கு ஆசியா, தெற்கு சீனா வரைக்கும் இருக்கு. இது மலைக்குப் போகலை. குளம், வயல் ஓரம், தேங்கின தண்ணியிலயே நிக்கும். லின்னேயஸ் 1753-ல இதை இம்பேஷன்ஸ்னுதான் எழுதினார். 1834-ல நம்ம வைட்டும் அவர் நண்பர் ஆர்னாட்டும் தனியா பிரிச்சாங்க. பூவைப் பார்த்தா காசித்தும்பையோட அக்கான்னு சொல்லிடலாம். ஆனா காய் வெடிக்காது! சதைப்பத்தான காய், தண்ணியில மிதந்து போகும். மிதந்து போறதால ஒரு குளத்துக்கும் இன்னொரு குளத்துக்கும் தொடர்பு இருக்கு. சமவெளியில தடுக்க மலையும் இல்லை கணவாயும் இல்லை. கூட்டங்கள் பிரியவே இல்லை. அதனால ஒண்ணு ஒண்ணாவே இருந்துடுச்சுன்னு தோணுது. இது என்னோட ஊகம்தான், ஆனா வெடிச்சவன் ஆயிரமாகி, மிதந்தவன் ஒத்தையா நிக்கிறதைப் பார்த்தா வேற எப்படி யோசிக்கறது?

இதைப் படிச்ச வாரம்தான் ஏரிக்கரைக்குப் போனேன். எங்க ஊர்ல பூசலார்னு ஒரு நாயனார் காசில்லாம மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார்னு கதை. அந்த ஊர்க்காரன் நான், மலையே இல்லாத இடத்துல உட்கார்ந்து மனசுக்குள்ள மலை கட்டிக்கிட்டிருக்கேன். கரையோரம் முழுக்க நடந்தேன். ஆகாயத்தாமரை, கோரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, பிளாஸ்டிக் கவர். ஹைட்ரோசெரா இல்லை. மீன் பிடிச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர்கிட்ட போன்ல படத்தைக் காட்டினேன். "தண்ணியில காசித்தும்பையா? தெரியலியே தம்பி. நீ எந்தத் தெரு?"ன்னார்.

வெடிக்கிற வித்தைக்கு இன்னொரு முகமும் இருக்கு. இமயமலை பால்சம் ஒண்ணை 1839-ல இங்கிலாந்துக்கு அழகுக்காகக் கொண்டு போனாங்க. ஒரு செடிக்கு 800 விதை வரைக்கும், இந்தக் குடும்பத்துல அதிசயமா 7 மீட்டர் வரைக்கும் எறியும். தோட்ட வேலி தாண்டி ஆத்தங்கரைக்குப் போச்சு. அதுக்கப்புறம் அவங்க பாடு திண்டாட்டம். கடைசியில 2014-ல இமயமலையிலேர்ந்தே ஒரு துரு நோய்ப் பூஞ்சையைக் கொண்டு போய் விட்டாங்க. தொலைதூரம் போக முடியாத செடி இங்கேயெல்லாம் ஒரு பாறைக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சு நிக்குது. மனுஷன் தூக்கிக்கிட்டுப் போய் விட்ட இடத்துல ஒரே இனமா ஒரு நாட்டையே பிடிக்குது.

பாறைன்னதும் ஞாபகம் வருது. வால்பாறைக்கு முதல் தடவை போனப்போ மலைப்பாதை ஓரம் ஒரு பாறைச் சுவர் பார்த்திருந்தேன். தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கும், பாசிக்கு நடுவுல அந்தத் தண்டில்லாத கோஷ்டி, இளஞ்சிவப்புல நூத்துக்கணக்குல. நல்ல கேமரா இல்லை, அடுத்த வருஷம் வந்து எடுத்துக்கலாம்னு விட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு போனா, பாதையை அகலப்படுத்தி பாறையைச் செதுக்கி, சிமெண்ட் சுவர் எழுப்பி, மஞ்சள் கறுப்புக் கோடு போட்டிருந்தது. சாலை வேணும்தான். அந்த வழியா ஆம்புலன்ஸ் போகணும், நான் யார் வேண்டாம்னு சொல்ல? அந்தச் சுவர்ல இருந்தது பரவலான இனமா, இல்லை அந்த ஒரு மலைக்கே உரியதான்னு அதைச் செதுக்கினவர் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. பெங்களூர் பாஸ்கர் 2012-ல மேற்குத் தொடர்ச்சி மலை பால்சங்களுக்குன்னே ஒரு முழுப் புத்தகம் போட்டிருக்கார். அதைப் புரட்டினா எத்தனை இனங்கள் ஏதோ ஒரு மலை, ஒரு சோலை, ஒரு ஓடைன்னு நிக்குதுன்னு தெரியும். மூணு மீட்டர் எறியறவனுக்கு தப்பிச்சு ஓட வழி கிடையாது.

நம்ம வீட்டுக் கதையும் சொல்லிடறேன். போன வருஷம் கிணத்தை மூடிட்டு போர் போட்டோம். சுத்தி டைல்ஸ். அப்பா கேட்டார், "அந்தச் செடியெல்லாம் எங்கடா வைக்கிறது?". ஆயா வெத்தலைச் செல்லத்துல ஒரு பழைய தீப்பெட்டி இருந்தது. உள்ளே கறுப்பா, கடுகு மாதிரி. மாடியில ஒரு பெயிண்ட் வாளியில போட்டு வெச்சேன். முதல் மழைக்கு நாலு முளைச்சிருக்கு.

உங்க ஊர்க் குளத்துல யாராவது தண்ணிக்குள்ள நிக்கிற காசித்தும்பையைப் பார்த்தா, எந்த ஊர்னு ஒரு வரி பின்னூட்டத்துல போடுங்க. அந்தப் பெரியவர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.